செவ்வாய்க்கிழமை மட்டும் நிற்கும் வண்டி

என் பொன்னு அக்காவுக்கு,

உன் வெள்ளைக் கார் இப்போது என் கையிலாக்கும். செவ்வாயும் வெள்ளியும் நீ அத்தானை நெய்யாற்றின்கரைக்கு டயாலிசிஸுக்குக் கொண்டுபோன மாதிரி இப்போது நான் கொண்டுபோகிறேன். வண்டி இருபத்தைந்து வருஷப் பழசு. உன்னிடம் மரியாதையாக ஓடியது, என்னிடம் பாதி வழியில் நிற்கிறது. என்மேல் அதற்கு என்ன கோபமோ?

தனுவச்சபுரம் தாண்டும்வரை ஒரு குறையும் இல்லை. அப்புறம் விக்கும், இழுக்கும், அணைந்துவிடும். அதுவும் எங்கே? உன்னை அடக்கம் பண்ணின கல்லறைத் தோட்டத்துக் கேட்டுப் பக்கத்தில். பத்து நிமிஷம் கழித்துச் சாவி போட்டால் ஒன்றும் நடக்காததுபோலக் கிளம்பும்.

முதல் தடவை நின்றபோது அத்தான் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, “அவளாக்கும் பிடிச்சு நிறுத்துனது மக்கா. ஒண்ணு பாத்துட்டு வாறேன்” என்று இறங்கிப் போனார். உனக்குத் தெரியாதா, பசித்தால்கூட வாய் திறந்து கேட்காத மனுஷன். அவளைப் பார்க்கணும், நிறுத்து என்று ஜென்மத்துக்கும் சொல்லமாட்டார். வண்டி தானாக நின்றால் இறங்குவார், அவ்வளவுதான்.

அதிலும் செவ்வாய்தான் நிற்கும், வெள்ளிக்கிழமை நிற்காது. நீ அடக்கமானதும் செவ்வாயில்தானே? உள்ளதைச் சொன்னால் எனக்குப் பயமாகிவிட்டது, கேட்டியா.

ஒர்க்‌ஷாப்பில் பிளக் மாற்றினார்கள், கார்புரேட்டர் கழுவினார்கள், பெட்ரோல் பம்பு மாற்றினார்கள். அங்கே வைத்து நாள் முழுக்க ஓட்டினாலும் நிற்காது, டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் விட்டுப்போகிற பிள்ளை மாதிரி. கடைசியில் மெக்கானிக் என் தலையில் பழியைப் போட்டார். திங்கள் சாயங்காலம் கேரள எல்லை தாண்டிப் போய், தமிழ்நாட்டில் விலை குறைவென்று டாங்கை முட்ட நிறைத்து வருகிறேனே, அந்தப் பெட்ரோல்தான் குழப்பமாம். அதில் தண்ணியாம். இங்கே யார்தான் அங்கே போய் அடிக்காமலிருக்கிறார்கள்?

சரியென்று ஒரு வாரம் கேரளப் பக்கமே ஊற்றினேன். இங்கத்த விலைக்கு மனசு வராமல் அஞ்சே லிட்டர். அந்தச் செவ்வாய் வண்டி நிற்கவே இல்லை. மெக்கானிக் ஜெயித்துவிட்டார். அத்தான் மட்டும் கேட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அடுத்த திங்கள் மறுபடியும் எல்லை தாண்டினேன். பெட்ரோலுக்காகவா அத்தானுக்காகவா, எனக்கே தெரியவில்லை.

மறுநாள் நின்றது. பின்னால் வந்த பஸ் ஒரு முழம் தள்ளித்தான் பிரேக் பிடித்தது. டிரைவர் மலையாளத்தில் என் தலைமுறையையே விசாரித்துவிட்டுப் போனார். அத்தான் உன்னிடம் போன நேரத்தில், தண்ணி கலந்த வாடை வருகிறதா பார்ப்போமென்று டாங்கு மூடியைத் திருகினேன். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது பார்! உடனே சாவி போட்டேன். பத்து நிமிஷம் காக்காமலே கிளம்பியது.

பெட்ரோல் போகப் போக உள்ளே காற்று வரணும். வர வழியில்லை. டாங்கு நிறைந்திருந்தால் சீக்கிரம் மூச்சு முட்டும், வீட்டிலிருந்து கேட்டுவரை ஓடுகிற தூரத்துக்குள். சும்மா நின்றால் இடுக்கு வழியே காற்று மெல்லக் கசிந்து வரும், அதுதான் அந்தப் பத்து நிமிஷம். வெள்ளிக்குள் என் ஓட்டத்தில் பாதி தீர்ந்துவிடும், ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போதும் பாதிதான், அஞ்சு லிட்டரில் கேட்கவே வேண்டாம். உன் பழைய மூடியில் ஓர் ஆணி ஓட்டை இருந்தது, நினைவிருக்கா? அடக்கம் முடிந்த வாரம், ஓட்டை மூடியோடு ஓட்டியிருக்கிறாளே என்று வருத்தப்பட்டு, அதைத் தூக்கிப் போட்டுப் புதுசு வாங்கி இறுக்கமாக மாட்டியவன் நானல்லவா!

கண்டுபிடித்த சந்தோஷம் ஒரு நாள்கூட இல்லை அக்கா. ஓட்டை போட்டால் அத்தான் இறங்கமாட்டார். போடாவிட்டால் அந்த பஸ். உன்னிடம் கேட்கலாமென்றால் நீயோ இல்லை. கடைசியில் ஆணியை வைத்து அடித்துவிட்டேன், அத்தானிடம் சொல்லவில்லை.

நேற்று செவ்வாய். வண்டி விக்கவே இல்லை. கேட்டு நெருங்கும்போது பார்த்தால், அத்தான் பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கதவுப் பிடியில் கை வைத்துக் காத்திருக்கிறார். ஓரமாக ஒதுக்கிச் சாவியைத் திருப்பினேன். “நின்னுட்டு அத்தான்” என்றேன்.

போய்விட்டு வந்தவர் நேராக டாங்குப் பக்கம் போனார். மூடியைத் திருகி எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, திரும்ப மாட்டினார். வந்து உட்கார்ந்து, “ஓட்டை கொஞ்சம் சிறிசாக்கும். நான் அவளுக்குப் போட்டுக் கொடுத்தது இதைவிடப் பெரிசு” என்றார். பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

அப்படியென்றால் முதலிலிருந்தே அவருக்குத் தெரியுமா? தெரிந்துகொண்டா உன் பேரைச் சொன்னார்? நான் அவரை ஏமாற்றினேனா, அவர் என்னையா?

ஒன்று மட்டும் உனக்கு வாக்குத் தருகிறேன். அத்தான் இருக்கும் காலம்வரை இந்த வண்டி சரியாகாது.

உன் கூடப்பிறந்த இளையவன்