பழைய உலகத்தின் மூன்று பிரதிகள்

மார்ச் 3, ஞாயிறு

காலையில் குரூப்பைத் திறந்தபோதுதான் எனக்கே தெரிந்தது. அடுத்த ஞாயிறு, கட்டை அடுக்கி ஊர் கட்டும் நம் ஆன்லைன் விளையாட்டு சர்வரின் உலகத்தை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கப் போகிறோமாம். அறிவித்தது அண்ணன், பெரியம்மா மகன். விளையாடுகிறவர்களுக்கு அவன் ‘தலைவர்’. சர்வரைத் தொடங்கியது நாங்கள் இரண்டு பேரும். இரவு பகலாக ஓடவைத்துக்கொண்டிருப்பது நான் ஒருத்தி.

“பழைய ஆளுங்க எல்லாத்தையும் வளைச்சுப் போட்டுட்டாங்க. புதுசா வர்றவனுக்கு ஒரு பிடி மண்ணு இல்ல. இனி எல்லாருக்கும் ஒரே ஆரம்பம். நான் உள்பட!” என்று எழுதியிருந்தான். கைத்தட்டல் படங்களாகக் கொட்டியிருந்தன.

சொன்னது நியாயம்தான், அதை மறுக்க முடியவில்லை. ஆனால் கட்டை கட்டையாக வைத்து ஐந்து வருடமாக நான் கட்டிய துறைமுகமும் அதில் போகிறது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே சரி என்றிருப்பேன். கேட்டால் என்ன, வாய் முத்து உதிர்ந்துவிடுமா?

மார்ச் 5, செவ்வாய்

நான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையில் கூட்டம். லென்ஸ் ஒன்றைத் தவறாக அறுத்து முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மதியம் அண்ணன் போன். “ஃபோல்டரை அழிச்சிட்டு ஆன் பண்ணினா புது உலகம் தானா வந்துடும். இதுக்கு எதுக்கு இவ்வளவு ஏற்பாடு?”

“முதல்ல பேக்கப் எடுக்கணும்ணா.”

“அதான் தினம் தானா எடுக்குதே, நான்தானே செட் பண்ணினேன்.”

மாலை போய்ப் பார்த்தேன். தினமும் ஒரு பேக்கப் இருந்தது உண்மை. ஒன்றைப் பழைய லேப்டாப்பில் போட்டுத் திறந்தால் பாதி உலகம் இல்லை. சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிரதி எடுத்தால் அப்படித்தான் ஆகும், எழுதி முடிக்காத பக்கத்தை நகல் எடுத்ததுபோல. இத்தனை காலம் இதை நம்பியா தூங்கிக்கொண்டிருந்தோம்? அவனிடம் சொன்னேன். “சரி, நீயே பாத்துக்க” என்றான். எப்போது நான் பார்க்காமல் இருந்தேன்?

மார்ச் 9, சனி

துறைமுகத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தேன். படம் எதுவும் எடுக்கவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

முடிந்தது.

எல்லோரையும் வெளியேறச் சொல்லி சர்வரை முறையாக நிறுத்தினேன். உலகத்தின் ஃபோல்டரை முழுதாகப் பிரதி எடுத்தேன் — சர்வரிலேயே ஒன்று, என் ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, பழைய லேப்டாப்பில் ஒன்று. லேப்டாப்பில் அதை ஓடவைத்து, பேக்கரிக்காரியின் அடுப்பு வரை போய்ப் பார்த்தேன். அவள் நிஜத்திலும் பேக்கரியில்தான் வேலை செய்கிறாள். விளையாட வந்த இடத்திலும் ரொட்டி சுடுகிறாள். அடுப்பு இருந்தது. துறைமுகமும் இருந்தது. அதற்குப் பிறகே சர்வரில் ஓடும் உலகத்தை நீக்கினேன். யார் யாருக்கு அனுமதி என்ற பட்டியல், விதிகள், அமைப்புகள், அவற்றில் கை வைக்கவில்லை. ஒவ்வொருவர் கைப்பொருளும் தனித்தனி ஃபைல். அதில் ஒன்றுகூடப் புது உலகத்துக்குப் போகாது என்று சரிபார்த்த பிறகு ஆன் செய்தேன்.

வெறும் புல்வெளி. எல்லோரும் வெறுங்கையோடு அதில் குதித்துக்கொண்டிருந்தார்கள். “தலைவர் வாழ்க” என்று யாரோ எழுதினார்கள். போகட்டும்.

மார்ச் 12, செவ்வாய்

எல்லோரும் இன்னும் மரக்கட்டைக் கோடாரியோடு அலைகிறோம். அண்ணன் மட்டும் உச்சி முதல் பாதம் வரை வைரக் கவசத்தில் வந்து நின்றான். அது பழைய உலகத்துக் கவசம், எனக்குத் தெரியாதா? சர்வரில் நான் வைத்திருந்த பிரதியிலிருந்து தன் ஃபைலை மட்டும் எடுத்துப் புது உலகத்தில் போட்டிருக்கிறான். நான் அவ்வளவு கவனமாகக் காப்பாற்றி வைத்தது இதற்குத்தானா! ஊருக்கு உபதேசம் — ச்சே.

மார்ச் 13, புதன்

பேக்கரிக்காரி குரூப்பில் கேட்டேவிட்டாள்: “தலைவருக்கு மட்டும் கவசம் எப்படி?”

அவன் பதிலை அப்படியே எழுதி வைக்கிறேன்: “ரீசெட் பண்ணும்போது தங்கச்சி என் ஃபைலைத் தெரியாம விட்டுட்டா. மனுஷங்கன்னா தப்பு வரத்தான் செய்யும். யாரும் அவளைத் திட்டாதீங்க, ப்ளீஸ்.”

என்னை மன்னிக்கிறானாம்!

கடைக்குப் பின்னால் நின்று போன் செய்தேன்.

“ஏண்ணா பொய் சொன்ன?”

“விடு, சின்ன விஷயம். எம்மேல பழி விழுந்தா சர்வரே ஒடஞ்சிடும். உன்னை யாரு கேக்கப் போறா?”

“நான் கேக்கறேனே.”

“உனக்கு எப்பவுமே எல்லாம் பெருசுதான்.” வைத்துவிட்டான்.

நடந்ததை நடந்தபடி குரூப்பில் எழுதினேன். பல் டாக்டர் ஒருவர் விளையாடுகிறார், நிதானமான மனிதர். அவர் சொன்னார்: “குடும்பச் சண்டை இங்க வேண்டாமே. ஒத்துக்கிட்டா முடிஞ்சுது, அக்கா.” அதற்கு எத்தனை பேர் தலையாட்டினார்கள்! பேக்கரிக்காரி வாயே திறக்கவில்லை.

எதை ஒத்துக்கொள்வது? செய்யாததையா? அவனுக்குப் பேச வருகிறது, எனக்கு வேலை செய்ய மட்டும்தான் வருகிறது. வாயுள்ள பிள்ளைதானே பிழைக்கும்.

மார்ச் 14, வியாழன்

அட்மின் பொறுப்பிலிருந்து விலகினேன். “ஏன்?” என்று ஒருவரும் கேட்கவில்லை. “இனி சர்வர் நின்னா யாருகிட்ட சொல்றது?” என்று மூன்று பேர் கேட்டார்கள்.

ஏப்ரல் 6, சனி

பேக்கரிக்காரி தனியாகச் செய்தி அனுப்பினாள். பழைய அடுப்பை ஒருமுறை பார்க்க வேண்டுமாம். லேப்டாப்பில் பழைய உலகத்தை ஓடவைத்து உள்ளே விட்டேன். அடுப்பு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள்.

“நீங்க பண்ணலைன்னு எனக்குத் தெரியும்க்கா.”

“அப்போ அன்னைக்கு ஏன் சொல்லல?”

“புது உலகத்துல சந்தைக்குப் பக்கத்துல கடைக்கு இடம் தர்றேன்னாரு தலைவர்.”

அவளைக் கோபித்துக்கொள்ள நினைத்தேன், முடியவில்லை. நாள் முழுக்க அடுப்படியில் நிற்கிறவள், விளையாட்டிலாவது நல்ல இடத்தில் கடை போடட்டும். அப்படி நினைத்த பிறகும் நெஞ்சு ஆறவில்லை.

மே 19, ஞாயிறு

தூங்கினேன். ஞாயிற்றுக்கிழமை இவ்வளவு நீளம் என்று மறந்தே போயிருந்தது.

ஜூன் 23, ஞாயிறு

பெரியம்மா வீடு மாறியிருக்கிறார். எல்லோரும் போனோம். அண்ணன் மாடிப்படியில் சோஃபாவைத் தூக்கிக்கொண்டிருந்தான். நானும் ஒரு பக்கம் பிடித்தேன். பிடிக்காமல் என்ன செய்வது, சொந்தம். “இடது பக்கம், இடது பக்கம்” என்பதற்கு மேல் எங்களுக்குள் பேச்சில்லை.

சாப்பிடும்போது தன் ஆபீஸ் நண்பரிடம் என்னைக் காட்டினான். “இவதான் நம்ம தங்கச்சி. ஒரு உலகத்தையே அழிச்சவ!” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா மெதுவாகக் கேட்டாள்.

“என்னடி அழிச்ச நீ?”

“ஒண்ணும் அழிக்கலம்மா. எல்லாம் பத்திரமா இருக்கு.”

“அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அம்மா தன் பையை மடியிலிருந்து கீழே வைத்துவிட்டு, என் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.