ஊசி வேண்டாத பட்டன்

ஜூலை 4, வெள்ளி

காலையிலேயே புழுக்கம். கரண்ட் இரண்டு முறை போய் வந்தது. பட்டறையில் லேத்துக்கு எண்ணெய் விட்டேன். வேறு வேலை ஓடவில்லை.

கஸ்தூரி (இனி க. போதும், முழுப் பெயர் எழுதும் மரியாதை இப்போதைக்கு இல்லை) திண்டிவனத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய் இன்றோடு எட்டு நாள். ஆடிப்பட்டத்துக்கு மல்லாட்டை உரித்து விதைக்கடலை எடுக்க ஆள் இல்லையாம். இருபத்திரண்டு வருடப் புருஷனுக்கு ஒரு பட்டன் தைக்க வக்கில்லை, அண்ணன் வீட்டில் மூட்டை மூட்டையாக உரிக்கத் தெம்பிருக்கிறது.

நடந்ததை எழுதி வைக்கிறேன். நாளைக்கு மாற்றிப் பேசுவாள். நீலச் சட்டை, மேலிருந்து இரண்டாவது பட்டன் தொங்கல். போட்டுக்கொண்டு நின்றபடியே தைக்கச் சொன்னேன். உடம்பில் இருக்கும் சட்டையில் ஊசி போடக் கூடாதாம், ஆகாதாம். சரி என்று கழற்றிக் கொடுத்தேன். கையில் வாங்கிக்கொண்டு சொல்கிறாள்: "இன்னிக்கி அமாவாசைங்க. ஊசி எடுக்க மாட்டேன்."

பொங்கலிலிருந்து இதுவரை வந்த சாக்குகள்:

– வெள்ளிக்கிழமை, ஊசி தொடக் கூடாது
– செவ்வாய், அதே
– விளக்கு வைத்தாயிற்று
– கிருத்திகை
– ஊசியை எங்கே வைத்தேன் தெரியவில்லை (மூன்று முறை)

இதெல்லாம் இல்லாத நாளில் தலைவலி. சித்திரையில் ஒரு தடவை தைத்தாள். வெள்ளைச் சட்டையில் பட்டன் வரிசை நெடுக ரத்தப் பொட்டு. கண் தெரியாதவள் கூட இதைவிட ஒழுங்காகத் தைப்பாள் என்றேன். கோபத்தில் சொன்னதுதான், ஆனால் உண்மை.

அமாவாசையன்று சட்டையை அவள் மேலேயே எறிந்தேன். "ஒரு பட்டன் தெக்கத் துப்பில்ல. உனக்கெல்லாம் எதுக்குக் கை?" மறுநாள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். அழக்கூட இல்லை. திமிர்.

ஜூலை 5, சனி

இட்லி மாவு புளித்துவிட்டது. கொட்டினேன். ஓட்டலில் பொங்கல், அதில் மிளகைத் தேட வேண்டியிருந்தது.

முடிவு செய்தாயிற்று. தைக்காமல் மாட்டும் பட்டன். ஊசி வேண்டாம், நூல் வேண்டாம், நாள் நட்சத்திரம் வேண்டாம். எவள் தயவும் வேண்டாம்.

இருப்பவற்றின் லட்சணம்: பிரஸ் பட்டன், அதையும் தைக்கத்தான் வேண்டும். ஜீன்ஸ் பட்டன், சுத்தியால் அடிக்கிறான், அதற்கு ஒரு கடை, ஒரு ஆள். ஊக்கு, ஆண்பிள்ளை நெஞ்சில் ஊக்கு குத்திக்கொண்டு போனால் ஊர் சிரிக்கும். இத்தனை வருடம் உலகத்தில் எவனும் உட்கார்ந்து யோசிக்கவில்லை.

என் டிசைன். இரண்டு துண்டு. மேல் துண்டு பார்க்கச் சாதாரணச் சட்டைப் பட்டன் மாதிரியே. நாலு ஓட்டை கூட உண்டு, பொய் ஓட்டை. ஓட்டை இல்லாத பட்டனை இந்த ஜனங்கள் நம்ப மாட்டார்கள். அடியில் நடுவில் ஒரு பித்தளை முள், 1.2 மி.மீ., துணியைக் குத்திக்கொண்டு உள்ளே போகும். பக்கவாட்டில் செதில். பின்பக்கம் ஒரு சின்ன வில்லை, அதன் துளையில் முள் இறங்கினால் செதில் பிடித்துக்கொள்ளும். போனது போனதுதான், திரும்ப வராது.

மதியம் லேத்தில் முதல் ஜோடி. கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். 'டக்'. அந்தச் சத்தத்துக்கு ஒரு கும்பிடு போடலாம்.

இழுத்துப் பார்த்தேன். துணி கிழிந்தது, பட்டன் அசையவில்லை.

ஜூலை 7, திங்கள்

வெயில். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் பாஷா டெய்லர் கடை. இருபது வருடப் பழக்கம். சுற்று வட்டாரத்தில் சட்டை பற்றிக் கொஞ்சமாவது தெரிந்தவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஜோடி கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான். அழுத்தினான். உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி அழுத்தினான். மூன்றாவது தடவை 'டக்'.

"நல்லாத்தாண்ணே கீது. ஆனா கட்டவெரலு கயண்டுடும் போல. அஞ்சாறு பட்டன் போடறதுக்குள்ள பேஜாரு ஆயிடும்."

ஜாக்கெட் வாங்க வந்த ஓர் அம்மாள், கேட்காமலே கையில் எடுத்து அமுக்கிப் பார்த்துவிட்டு: "இன்னாங்க இது, இதுக்கு ஊசியே தேவலாம்."

யார் கேட்டார்கள் இவளை?

பாஷா: "கொஞ்சம் லூசா வெச்சீங்கன்னா ஜல்தியா மாட்டிக்கலாம்ணே."

லூசு. இந்த ஊரில் எல்லாம் லூசு. குழாய் லூசு, பஸ் சீட் லூசு, ஷேர் ஆட்டோவின் கதவு கயிற்றில் தொங்குகிறது. இறுக்கமாக ஒரு பொருள் செய்தால் கை வலிக்கிறதாம். நான் வேலை கற்ற இடத்தில் ஒரு நூல் அளவு லூசு இருந்தால் துண்டு குப்பைக்குப் போகும். கைக்கு இறுக்கமாக இருக்க வேண்டும், அதுதான் தரம். டெய்லருக்கு என்ன தெரியும், துணியே வளைகிற சரக்கு.

வீட்டில் சோதனை: துவைக்கிற கல்லில் முப்பது அடி, ஒன்றும் ஆகவில்லை. கஞ்சி போட்டு அயர்ன், ஒன்றும் ஆகவில்லை. அழுத்திப் பார்த்தது இன்று நாற்பது தடவை இருக்கும், என் விரலுக்கு ஒன்றும் இல்லை.

கேஸ் தீரப்போகிறது. புக் பண்ணும் நம்பர் க. போனில்தான் இருக்கிறது. கேட்க மாட்டேன்.

ஜூலை 9, புதன்

பட்டன் அடிக்கும் அச்சை (டை, லேத்தில் நானே செய்தது) மடியில் வைத்துக்கொண்டு திண்டிவனம் பஸ்ஸில். பக்கத்து சீட்டுக்காரர், "இன்னாங்க, வெடிகுண்டா?" என்றார். தன் ஜோக்குக்குத் தானே விக்கிரவாண்டி வரை சிரித்துக்கொண்டு வந்தார்.

பிளாஸ்டிக் மோல்டிங் யூனிட். முதலாளி நல்ல மனுஷர். மகன் இன்ஜினியர், லேப்டாப்பைத் திறந்துவிட்டுத்தான் வாயைத் திறப்பான். பட்டனை மேஜையில் வைத்து ஏதோ மெஷினால் அமுக்கி அளந்தான்.

"அங்கிள், அமுக்கற ஃபோர்ஸ் ரொம்ப ஜாஸ்தியா வருது. லேடீஸு, வயசானவங்க எல்லாம் யூஸ் பண்ணணும்ல? யார் கைய வெச்சு டெஸ்ட் பண்ணீங்க?"

"என் கைய வெச்சுத்தான். வேற எவன் கைய வெச்சுப் பண்ணுவாங்க?"

அங்கிளாம். மவுஸைத் தவிர வேறு எதையும் அமுக்காத விரல். அதை வைத்துக்கொண்டு எனக்குக் கணக்குச் சொல்கிறான்.

சொன்னபடி அடித்துக் கொடுத்தார்கள். மேலே நைலான், முள் பித்தளை. வெள்ளை, கறுப்பு, நீலம். ஒரு பை நிறைய. அழகாகத்தான் இருக்கிறது, எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

க. இருக்கும் மச்சான் வீடு யூனிட்டுக்குப் பின்னால் இரண்டாவது தெரு. போகவில்லை. தெருமுனை டீக்கடையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். டீ குடிக்கத்தான். நாலு டீ. வடை சில்லிட்டுப் போயிருந்தது. அந்த வீட்டிலிருந்து யாரும் வெளியே வரவில்லை.

ஜூலை 11, வெள்ளி

கேஸ் தீர்ந்தது. ஓட்டல்.

நீலச் சட்டையின் பழைய பட்டன் எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டு என் பட்டன் ஏழும் மாட்டினேன். வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம், சட்டை உடம்பில். வேண்டுமென்றேதான். வானம் இடிந்து விழவில்லை.

சாயங்காலம் மச்சான் போன். ஏழுமலை, க.வின் அண்ணன். குரலை இறக்கித்தான் பேசுவார்.

"மாப்ள, ஞாயித்துக்கெழம வந்துட்டுப் போங்க. கஸ்தூரி யாராண்டயும் பேசாம ஒக்காந்துகினு கீது. உங்களாண்ட கொஞ்சம் பேசணும்."

"வேலை இருக்கு மச்சான். பாக்கறேன்."

பார்க்கிறேனாம். போவேன். இந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு போவேன். மன்னிப்புக் கேட்கப் போகிறாள், வேறென்ன? உடனே தலையாட்டக் கூடாது.

ஜூலை 13, ஞாயிறு

மேகமூட்டம். பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

கூடத்தில் சாக்கு விரித்து மல்லாட்டைக் குவியல். மச்சான் மனைவி செல்வியும் கூலிக்கு வந்த இரண்டு பெண்களும் உரித்துக்கொண்டிருந்தார்கள். க. உரிக்கவில்லை. ஓரமாக முறத்தை வைத்துத் தோலைப் புடைத்துக்கொண்டிருந்தாள். உரிக்க வந்தவளின் லட்சணம் இது என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தேன். மறைக்காமல் எழுதுகிறேன்.

"வாங்க" என்றாள். அவ்வளவுதான். இளைத்திருந்தாள்.

"சாப்புடுங்க மொதல்ல, அப்பறம் பேசலாம்" என்றார் மச்சான். சாப்பாடு. கேப்பைக் களி, கருவாட்டுக் குழம்பு. பதினைந்து நாளில் சாப்பாடு என்று சொல்லக் கூடியது. பிறகு நெஞ்சை நிமிர்த்திப் பட்டனைக் காட்டினேன். மச்சான் பிடித்து இழுத்துப் பார்த்தார். "யப்பா! இன்னா கெட்டி மாப்ள!" கூலிப் பெண்கள் கூட எழுந்து வந்து பார்த்தார்கள். எனக்கு மிதப்பு.

பையிலிருந்து ஒரு ஜோடியும் துண்டுத் துணியும் எடுத்து க. முன்னால் போட்டேன். எல்லோர் எதிரிலும்.

"இந்தா. ஊசி வேணாம். நூலு வேணாம். அமாவாசை பாக்க வேணாம். இப்பவாச்சும் போடு பாக்கலாம்."

முறத்தை வைத்துவிட்டுக் கையைப் புடவையில் துடைத்தாள். அழப்போகிறாள் என்று பார்த்தால் முகம் மலர்ந்துவிட்டது.

"நெசமாவே ஊசி வேணாங்களா? இதை நானே போட்டுடலாமா?"

துணியில் வைத்தாள். கட்டைவிரலால் அழுத்தினாள், இறங்கவில்லை. இரண்டு கட்டைவிரலையும் சேர்த்தாள். இறங்கவில்லை. வில்லையைத் தரையில் வைத்து, மேலே குனிந்து, உடம்பு பாரத்தையே கையில் கொடுத்து அமுக்கினாள். பட்டன் புரண்டது. அவள் அமுக்குவதை நிறுத்தவில்லை. பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"சத்தம் வந்துச்சாங்க?"

சத்தம் வரவில்லை. முள் அவள் கட்டைவிரல் சதைக்குள் முழுக்க இறங்கியிருந்தது. ரத்தம் துணியில் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் சிரித்த முகமாக என் பதிலுக்குக் காத்திருந்தாள்.

"ஐயோ, கஸ்தூரி, கை!" செல்விதான் கத்தினாள். அப்போதுதான் க. குனிந்து பார்த்தாள். வலியில் கத்தவில்லை. அவசரமாகக் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள், என்னிடமிருந்து.

செல்வி என்னைப் பார்த்துச் சொன்னது: "வெரலெல்லாம் மரத்துப் போயி ஆறு மாசமாவுதுண்ணா. சுடுசோறு பட்டாக்கூடத் தெரியல. ஊசி குத்தறதே தெரியாம தச்சிட்டு சட்டையெல்லாம் ரத்தமாக்கிட்டேன்னு வந்து அழுதுச்சு. மல்லாட்டை உரிக்கவா கூட்டியாந்தோம்? டாக்டராண்ட காட்டத்தான். சக்கரையாம். உங்களுக்குச் சொல்லக் கூடாதுன்னு எங்க வாயக் கட்டிடுச்சு."

மச்சான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான்தான் முள்ளை எடுத்தேன். லேசில் வரவில்லை. செதில் நான் வைத்தது, திரும்ப வராத செதில். சதையோடு வந்தது. கஸ்தூரி முகத்தைச் சுளிக்கக்கூட இல்லை, "உங்க சட்டைல ரத்தம் பட்டுடப் போவுதுங்க" என்றாள். வெள்ளிக்கிழமை, செவ்வாய், கிருத்திகை, எல்லாம் இந்த விரலை என்னிடமிருந்து மறைக்கத்தான். எனக்குப் பயந்து. ஆறு மாதம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு நான் பட்டனைத்தான் பார்த்திருக்கிறேன். மடையன். வேறு வார்த்தை இல்லை.

டாக்டரிடம் கூட்டிப்போய் டி.டி. ஊசி போட்டு, கட்டுப் போட்டு வந்தோம். இரவு அங்கேயே தங்கல்.

ஜூலை 14, திங்கள்

மழை. காலை பஸ்ஸில் இரண்டு பேரும் விழுப்புரம் திரும்பினோம். கஸ்தூரிக்கு ஜன்னல் சீட். மாத்திரைச் சீட்டு என் பையில்: காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பாட்டுக்குப் பின். கால் பாதத்தையும் தினமும் பார்க்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர், செருப்பு இல்லாமல் நடக்க விடக் கூடாது. ரப்பர் செருப்பு வாங்க வேண்டும், அளவு தெரியவில்லை, கேட்டேன். ஏழு என்றாள்.

கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். விக்கிரவாண்டி தாண்டியதும் கேட்டேன்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா இன்னா சொல்லியிருப்பீங்க?"

சண்டைக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். எனக்குப் பதில் தெரியும். நாலாம் தேதிப் பக்கத்தில் என் கையெழுத்தில் இருக்கிறது: "உனக்கெல்லாம் எதுக்குக் கை?"

இந்த நோட்டை அவள் கண்ணில் படாத இடத்தில் வைக்க வேண்டும்.