வெள்ளிக்கிழமை மட்டும் நீலமாக எரியும் போறணை

அனுப்புநர்:
மீராமுகைதீன் சரீபா,
செயலாளர்,
கடற்கரை வீதி மகளிர் வெதுப்பகச் சங்கம்,
மருதமுனை.

பெறுநர்:
இணைப்பாளர் அவர்கள்,
கரையோர மகளிர் சுயதொழில் நிதியம்,
கல்முனை.

விடயம்: எமது கேஸ் போறணையை மீளப் பெறும் தீர்மானத்தை நிறுத்தி, வெள்ளி அல்லாத ஒரு நாளில் மறுபரிசோதனை செய்து, நுஸ்ஹாவின் பெயரை அறிக்கையிலிருந்து நீக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

20.06.2025 வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு பாணும் பணிஸும் சுடும் எங்கள் போறணை பரிசோதிக்கப்பட்டபோது அங்கே நின்றவர்கள்: தங்கள் கள உத்தியோகத்தர், அவர் கூட்டி வந்த கேஸ் திருத்துநர் ஷரிபுதீன், போறணையைப் பற்றவைக்கும் நுஸ்ஹா, மாப் பிசையும் பஸ்மினா, நான். ஆக ஐந்து பேர். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் உள்ள தறிக்கூடம் பூட்டியிருந்தது. அங்கே ஒருவரும் இல்லை. இந்தக் கடைசி விபரத்தை அன்று என் கொப்பியில் நான் எழுதவில்லை. எழுத வேண்டிய விபரம் என்று அன்று எனக்குத் தெரியாது.

1. நாங்கள் முறைப்பாடு செய்த கோளாறு இதுதான். சுபஹுத் தொழுதுவிட்டு வந்து பற்றவைத்தால் தீ நீலமாக, நேராக நிற்கும். காலை பத்து மணிக்கு மேல் மஞ்சளாகி நீண்டு ஆடும். பணிஸின் அடியில் கரி பிடிக்கும், எங்களுக்குக் கண் எரியும், தலை இடிக்கும். பிறகு தீ தானாக அணைந்துவிடும். ஒருமுறை திரும்பப் பற்றவைக்கும்போது நுஸ்ஹாவின் புருவ முடி கருகியது.

2. பரிசோதனைக்கு வந்த அன்று தீ ஒரு தரமும் மஞ்சளாகவில்லை. பதினொன்றரை மணி வரை காத்திருந்தார்கள். ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. ஷரிபுதீன் மூத்த சகோதரியை அழைப்பதுபோல என்னிடம், “தாத்தா, மெசினுக்கு ஒண்டுமில்ல. பத்த வைக்கிற ஆள்தான் கவனமில்ல போல” என்று சொல்லிவிட்டுப் போனார். நுஸ்ஹா பக்கத்தில்தான் நின்றார்.

3. 24.06.2025 திகதியிட்ட தங்கள் கடிதத்தில் “கருவியில் குறைபாடு இல்லை, இயக்குநர் நுஸ்ஹாவின் கவனக்குறைவே காரணம்” என்றும், எதிர்வரும் 15.07.2025 அன்று போறணை மீளப் பெறப்பட்டு வேறொரு சங்கத்துக்கு வழங்கப்படும் என்றும் எழுதப்பட்டுள்ளது. அந்தக் கடிதத்தை நான் சங்கத்தில் சத்தமாக வாசித்தேன். வாசித்து முடிக்கும் முன்பே நுஸ்ஹா சாவியை மேசையில் வைத்துவிட்டு எழும்பிப் போனார். அன்றிலிருந்து அவர் வரவில்லை.

4. இதற்குள் என்னுடைய பிழையும் இருக்கிறது. மறைத்து எழுத மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமைகளில் தீ நன்றாக எரிவதை நாங்கள் முன்பே கண்டிருந்தோம். அது ஜும்ஆ நாளின் பரக்கத், அல்லாஹ்வின் அருள் என்று எண்ணினோம். அன்று ஸலவாத்து ஓதிப் பற்றவைப்பது வழக்கம். ஆகவே மற்ற நாட்களிலும் ஓதினோம். அப்போதும் பத்து மணிக்கு மஞ்சளாகவே வந்தது. எங்களில் யாரிலோ குறை என்று எனக்குத் தோன்றியது. ஒருநாள் நுஸ்ஹா தொழுகைக்குரிய சுத்தத்தோடு வருகிறாரா என்று சந்தேகப்பட்டு, “புள்ள, நீ ஒளுவோடதான் நெருப்பப் பத்த வைக்கிறியா?” என்று கேட்டுவிட்டேன். அவர் “ஓம் தாத்தா” என்றார். அல்லாஹ் என்னை மன்னிக்க வேண்டும். உத்தியோகத்தர் எழுதிய குற்றத்தை, அவர் எழுதும் முன்னமே நான் நுஸ்ஹாவின் மேல் சுமத்தியிருக்கிறேன்.

5. கடிதம் வந்த பிறகு கொப்பியை முதலிலிருந்து வாசித்தேன். பற்றவைத்த நேரம், எத்தனை தட்டு, தீயின் நிறம் எல்லாம் ஒவ்வொரு நாளும் எழுதியிருக்கிறேன். இரண்டு நாட்கள் மட்டும் ஒத்துவரவில்லை. 19.05.2025 திங்கட்கிழமை நாள் முழுக்க நீலம். 30.05.2025 வெள்ளிக்கிழமை பத்தரைக்கே மஞ்சள். வெள்ளிக்கிழமையில் மஞ்சள் என்றால் பரக்கத் எங்கே போனது என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டு நாள் யோசித்த பின்தான் ஞாபகம் வந்தது. அந்தத் திங்கட்கிழமை எங்கள் வீதியில் ஒரு ஜனாஸா அடக்கம். தறிக்கூடம் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் தறிக்கூடம் திறப்பதில்லை, ஆனால் அந்த வெள்ளிக்கிழமை ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் சாரம் நெய்து முடித்துக் கொடுக்க வேண்டும் என்று ஜும்ஆவுக்கு முன் தறி ஓடியது.

6. பஸ்மினா டோர்ச் பிடிக்க, கேஸைப் பூட்டிவிட்டு, பேர்னரின் முன்பக்கத் தகட்டைக் கழற்றினேன். காற்று உள்ளே போகும் வாயில் வெள்ளையாகப் பஞ்சு அடைத்திருந்தது. ஒவ்வொரு நாளும் பின்னேரம் பஸ்மினா அந்த இடத்தைத் தூரிகையால் தட்டிச் சுத்தம் செய்வார். விழுவதை மா என்றே நினைத்திருந்தோம். விரலால் பிரித்துப் பார்த்தபோது உள்ளே பச்சை நூலும் ஊதா நூலும் இருந்தன. மாவில் பச்சை நூல் இராது. அதை ஒரு கடித உறையில் போட்டு இத்துடன் இணைத்துள்ளேன்.

7. தறிக்கூடத்தின் சொந்தக்காரர் கச்சிமுகம்மது காக்கா. எங்களுக்குப் பாதி மண்டபத்தை வாடகை இல்லாமல் தந்தவர். அவரிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பஸ்மினாதான் சொன்னார். காக்கா கோபிக்கவில்லை. 29.06.2025 ஞாயிற்றுக்கிழமை நண்பகல் லுஹர் தொழுகை வரை தறியை நிறுத்தித் தந்தார். அன்று நானே பற்றவைத்தேன். தீ நீலமாகவே நின்றது. லுஹருக்குப் பின் தறி ஓடியது, கடற்காற்றும் இருந்தது. இரண்டு மணிக்குள் மஞ்சள். அவர் குனிந்து பார்த்துவிட்டு, “தறி காதை அடைக்கும் எண்டு தெரியும் மகள், நெருப்பட மூக்கையும் அடைக்கும் எண்டு இண்டைக்குத்தான் தெரியும்” என்றார். பஸ்மினா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தறிகளில் ஐந்து பெண்கள் நெய்து பிழைக்கிறார்கள்.

இனி என்ன செய்வது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. பஞ்சு வருவது தடுப்புப் பலகையின் அடியில் உள்ள ஒரு சாண் இடைவெளியால். அதை அடைத்துவிடலாம் என்றால், கேஸ் கசிந்தால் தரையில் தேங்கும், ஆகவே அந்த இடைவெளி கட்டாயம் திறந்திருக்க வேண்டும் என்று போறணையோடு நிதியம் தந்த அறிவுறுத்தலின் இரண்டாம் பக்கத்தில் உள்ளது. அடைத்தால் நிதியத்தின் சொல்லை மீறியவர்கள் ஆவோம். திறந்து வைத்தால் தீ அணையும், கவனக்குறைவு என்று எழுதப்படும். வீதிப் பக்கச் சுவரில் இடைவெளி விட்டுத் தறிப் பக்கத்தை அடைக்கலாமா, காற்று வாய்க்குக் கம்பிவலை போடலாமா, போட்டால் காற்றுக் குறையுமா? நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கொப்பி எழுதத் தெரியும், இது தெரியாது. பரக்கத்தால்தான் எரிந்தது என்று எழுதினால் அலுவலகத்தில் சிரிப்பார்கள். பரக்கத் இல்லை என்று எழுத என் கை வராது.

ஆகவே ஐயா, வெள்ளிக்கிழமை அல்லாத ஒரு நாளில், தறி ஓடும்போது, பத்து மணிக்குப் பிறகு மீண்டும் பரிசோதிக்க ஆளனுப்புங்கள். தறிக்கூடத்தை அங்கிருந்து எழுப்பச் சொல்லாமல் ஒரு வழி சொல்லுங்கள். அப்படி வழியே இல்லை, போறணை போகத்தான் வேண்டும் என்றால் கொண்டுபோங்கள், நாங்கள் மறிக்க மாட்டோம். ஆனால் கவனக்குறைவு என்ற சொல்லையும் நுஸ்ஹாவின் பெயரையும் அறிக்கையிலிருந்து வெட்டிவிட்டு, வெட்டியதை எழுத்தில் தாருங்கள். அந்தக் கடிதத்தை வாசித்த அதே இடத்தில் இதையும் நான் அவருக்கு முன்னால் சத்தமாக வாசிக்க வேண்டும்.

15ஆம் திகதிக்கு இன்னும் பதின்மூன்று நாட்களே உள்ளன. அதற்கு முன் பதில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மீ. சரீபா (ஒப்பம்)

இடம்: மருதமுனை
திகதி: 02.07.2025