லென்ஸின் மேல் போட்ட பழி

சுங்குவார்சத்திரம்
14.8.91

அன்புள்ள மகன் லோகேஷுக்கு,

அப்பா தசரதன் எழுதுவது. நீ மஸ்கட்டில் சுகமாக இருக்க வல்லக்கோட்டை முருகனை வேண்டிக்கொள்கிறேன். என் வேண்டுதல் போய்ச் சேருமோ என்ற சந்தேகத்தில் உன் அம்மா தனியாக ஒரு தரம் வேண்டிக்கொள்கிறாள். ஆக, உனக்கு ரெட்டைப் பாதுகாப்பு.

காவேரி வேலை செய்கிற சுவிட்ச் கம்பெனியில் புது ஷெட் கட்டுகிறார்கள். வேலை எதுவரை ஏறியிருக்கிறது என்று மெட்ராஸ் ஆபீசுக்கு அப்பப்போ போட்டோ அனுப்ப வேண்டுமாம். எங்கப்பா பெரிய போட்டோகிராபர் என்று உன் தங்கை சூப்பர்வைசரிடம் அளந்துவிட்டாள். கல்யாணமும் பாஸ்போர்ட் சைசும் எடுத்துக்கொண்டிருந்தவன் இப்போது கட்டடத்துக்கு எதிரே நிற்கிறேன்.

மாப்பிள்ளையைப் பார்த்து, தம்பி கொஞ்சம் நெருங்கி நில்லு என்றால் நெருங்குவான். ஷெட் நெருங்குமா? நான்தான் பின்னால் போக வேண்டும். நம்ம அம்பது எம்எம் லென்ஸில் பாதி ஷெட் கூட அடங்கவில்லை. பின்னால் போய்ப் போய், கலவை போட்ட தகரத்தில் உட்கார்ந்துவிட்டேன். சித்தாள் பெண்கள் சிரித்த சிரிப்பு ஒரகடம் வரைக்கும் கேட்டிருக்கும். எஞ்ஜினியர் இராமச்சந்திரன் நல்ல பிள்ளை. கை கொடுத்துத் தூக்கிவிட்டு, அண்ணே, ஒரு வைட் ஆங்கிள் லென்ஸ் வாங்கிடுங்க, உங்க வேட்டியும் பிழைக்கும் என்றார்.

அதுதான் கேட்கிறேன். நீ கேமராக் கடையிலேயே நிற்கிறவன். வாலாஜாபாத் ஸ்டூடியோ பலராமன் இருபத்தெட்டு வாங்கு என்கிறான். அவனிடம் அது இல்லை, அதனால் தைரியமாகச் சொல்கிறான். இன்னொருத்தர் இருபது என்கிறார். நம்பர் குறையக் குறைய அகலம் கூடுமாமே. வேட்டி மாதிரி, அகலமாக இருந்தால் நல்லதுதானே என்று நினைக்கிறேன். எட்டாவதோடு நின்றவன் நினைப்பு இவ்வளவுதான். கட்டடத்துக்கும் ஆக வேண்டும், ஏரி நிறைந்தால் காலண்டருக்கு ஒரு படம் எடுக்கவும் ஆக வேண்டும். பார்த்துச் சொல்லு.

காவேரிக்கு டிசம்பரில் வேலை பர்மனென்ட் ஆகும் என்கிறார்கள். அதுவரை ஒரு நாள் கூட லீவ் போடமாட்டாளாம். வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன் அப்பா


சுங்குவார்சத்திரம்
6.10.91

அன்பு மகனுக்கு அப்பாவின் ஆசீர்வாதம்.

உன் ரூமில் தங்கியிருக்கிற சாம்சன் லீவில் வந்து லென்ஸைப் பத்திரமாகக் கொடுத்தான். மே மாசக் குண்டுவெடிப்புக்குப் பிறகு இந்தப் பக்கம் பையோடு நடந்தாலே போலீஸ்காரர் ஒரு பார்வை பார்க்கிறார். அவனையும் நிறுத்தி, டப்பாவைத் திறந்து, உள்ளே எட்டிப் பார்த்து, உலகமே சின்னதாத் தெரியுதே என்றாராம். அவருக்குப் புரிந்தது எனக்குப் புரிய ரெண்டு ரோல் பிலிம் ஆயிற்று.

இருபத்தெட்டு போதாது, இருபது வாங்கினால் ஓரத்தில் நிற்கிறவன் தலை பூசணிக்காய் ஆகும், நடுவிலே இருபத்து நாலுதான் உனக்குச் சரி என்று எழுதியிருந்தாய். சரிதான். கேமராவை அண்ணாந்து பிடிக்காதே, பிடித்தால் கட்டடம் மல்லாக்க விழுகிற மாதிரி வரும் என்றும் எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டுத்தான் வல்லக்கோட்டைக் கோபுரத்தை அண்ணாந்து எடுத்தேன். கோபுரம் சாப்பாட்டுக்குப் பிறகு சாய்ந்து உட்கார்ந்த நாட்டாமை மாதிரி வந்தது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, சாமி இடத்தையே சாச்சிட்டு வந்திருக்கியே என்று படத்தை வீட்டுக்குள் வைக்க விடவில்லை.

ஏரிப் படமும் சரியில்லை. நீ சொன்னபடி முன்னால் ஒரு பொருள் இருக்க வேண்டும். நான் வெறும் தண்ணியை எடுத்தேன். வந்தது துவைத்துக் காயப்போட்ட துணி.

ஷெட் மட்டும் முழுசாக அடங்கியது. எஞ்ஜினியருக்குச் சந்தோஷம். கேன்டீனை ஒட்டி நாலு கால் வைத்துப் புதுசாகத் தண்ணித் தொட்டி கட்டி முடித்திருக்கிறார்கள், அதையும் எடுங்க என்றார். எடுத்தேன். இருட்டறையில் தட்டில் ஆட்டி ஆட்டிப் பார்க்கிறேன், தொட்டி கேன்டீன் பக்கமாக ஒருக்களித்து வருகிறது. கோபுரம் மாதிரி மல்லாக்க இல்லை, பக்கவாட்டில். எஞ்ஜினியர் பார்த்துவிட்டு, அண்ணே, ராத்திரி போட்டுக்கினு வந்து எடுத்தீங்களா என்று சிரித்தார். நானும் சிரித்தேன். கை கோணியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு திரும்பவும் எடுத்தேன். திரும்பவும் அப்படியே.

அந்தப் படத்தை இதோடு வைத்திருக்கிறேன். தொட்டிக்குப் பக்கத்தில் ஷெட் சுவர் நேராக நிற்கிறது, அதையும் பார். லென்ஸ் ஒன்றை மட்டும் சாய்க்குமா? சாய்க்கும் என்றால் அதற்கு என்ன வழி என்று எழுது. எனக்கு வேறு யோசனை வேண்டாம் என்று பார்க்கிறேன்.

தொட்டி நிற்கிற இடம் உனக்குத் தெரியும். மழைத் தண்ணி வந்து நிற்கும் தாங்கலாக இருந்ததே, அதை மண் கொட்டி மேடாக்கிவிட்டார்கள். மேலே பார்த்தால் நல்ல கெட்டித் தரைதான்.

ரூமில் ஏசி ஓடினாலும் தலையைத் துவட்டிக்கொண்டு படு.

அப்பா


சுங்குவார்சத்திரம்
9.11.91

அன்பு லோகு,

உன் கடிதம் கிடைத்தது. தொட்டியை நடுவில் வை, கேமராவை மட்டமாகப் பிடி, கொத்தனார் தூக்குக் குண்டைக் கட்டி நூல் படத்தில் விழுகிற மாதிரி எடு, லென்ஸ் குற்றமா தொட்டி குற்றமா தெரிந்துவிடும் என்று எழுதியிருந்தாய். கொத்தனார் மாரியிடம் குண்டு வாங்கி, சவுக்குக் கொம்பில் தொங்கவிட்டு எடுத்தேன். நூல் நூலாகத்தான் நின்றது. தொட்டியின் கால் அதை விட்டு விலகி நின்றது. பழைய அம்பதைப் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயும் எடுத்தேன், அதிலும் அதே சாய்வு. பாவம், இவ்வளவு நாள் உன் லென்ஸைத் திட்டினேன்.

தீபாவளிக்குப் பிடித்த மழை விடவில்லை. கொஞ்சம் ஓய்ந்தபோது அதே இடத்தில் நின்று மறுபடி எடுத்தேன். ரெண்டு நெகடிவையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து விளக்கில் பிடித்தேன். ஷெட் மேல் ஷெட் உட்கார்ந்தது. நூல் மேல் நூல் உட்கார்ந்தது. தொட்டி மட்டும் ரெண்டாகத் தெரிந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். ரெண்டாகத்தான் இருந்தது.

கண்ணால் பார்த்தால் தெரியாதா என்று கேட்பாய். மேகம் ஓடுகிற நேரத்தில் எந்தத் தொட்டியும் விழுகிற மாதிரிதான் இருக்கிறது. யாரும் அண்ணாந்து பார்ப்பதும் இல்லை. அடியில் போய்ப் பார்த்தேன், ஒரு காலைச் சுற்றி மண் வாய் பிளந்திருக்கிறது. ரெண்டு சட்டி சிமெண்ட் பூசி மூடியிருந்தார்கள். பூசினதும் பிளந்திருக்கிறது.

மேனேஜரிடம் படங்களைக் கொண்டுபோனேன். தசரதன், இது அகலமான லென்ஸ், கோணலாத்தான் காட்டும், மெட்ராஸிலிருந்து வேற ஆள் வந்து எடுப்பார், நீங்க சிரமப்பட வேணாம் என்றார். ரொம்ப மரியாதையாகச் சொன்னார். அந்த மரியாதைதான் எனக்குப் பிடிக்கவில்லை. எஞ்ஜினியர் இராமச்சந்திரன் பக்கத்திலேயே நின்றார். சிரிக்கவில்லை. வெளியே வந்ததும், மேல எழுதியிருக்கேன் அண்ணே, தண்ணியக் குறைச்சு வைக்கச் சொல்லியிருக்கேன் என்று மட்டும் முணுமுணுத்தார். அவர் ஸ்கூட்டர் எப்போதும் தொட்டி நிழலில்தான் நிற்கும். இப்போது கேட்டுக்கு வெளியே மழையில் நிற்கிறது.

காவேரியிடம் சொன்னேன். வேலைக்குப் போகாதே என்றேன். உனக்கு எல்லாம் கோணலாத்தான் தெரியும்ப்பா, என் காதுகுத்துக்கு எடுத்த படத்துல மாமாவுக்குத் தலையே இல்ல என்றாள். உண்மைதான், தலை இல்லை. அடுத்த மாசம் பர்மனென்ட், இப்ப லீவ் போட்டா பேரை அடிச்சிருவாங்க, தொட்டி வுழுந்தா ஓடிர மாட்டனா என்று கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள். அம்மா அடுப்படியில் இருந்தாள். அவளுக்கு இன்னும் முழுசாகச் சொல்லவில்லை.

கேன்டீனிலாவது உட்காராதே என்றேன். அதற்கும் கேட்கவில்லை. அதனால் மத்தியானம் தூக்கில் சோறு எடுத்துக்கொண்டு கேட்டில் நிற்கிறேன். குடை பிடித்துக்கொண்டு நிற்கிற என்னைப் பார்த்து காவேரியோடு லைனில் வேலை செய்கிற பெண்கள், காவேரி, உங்க வூட்ல இருந்து ஓட்டல் வந்திருச்சி என்கிறார்கள். எழிலரசி என்று ஒரு பிள்ளை, உன்னோடு படித்த பகலவனின் தங்கை, இன்னா மாமா, எங்களுக்கெல்லாம் இல்லியா என்று கேட்டுவிட்டுக் கேன்டீனுக்குள் ஓடிப் போனாள். காவேரி வெட்கப்பட்டுக்கொண்டு செக்யூரிட்டி கூண்டில் நின்று நாலு வாய் சாப்பிடுகிறாள். அவள் சாப்பிடுகிற வரைக்கும் நான் அந்தப் பிள்ளை போன வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு தூக்குச் சோறு எத்தனை பேருக்குக் காணும்?

லோகு, இதற்குப் பதில் கடிதம் போடாதே. கடிதம் வந்து சேர நாளாகும். பஸ் ஸ்டாப் எஸ்டிடி பூத் சந்திரம்மாளிடம் சொல்லி வைத்திருக்கிறேன், நம்பர் பின்பக்கம் இருக்கிறது. போன் பண்ணி உன் தங்கையிடம் பேசு. நான் சொன்னால் கோமாளி சொன்னது. நீ சொன்னால் கேட்பாள். மேனேஜரிடமும் பேசு, லென்ஸ் விற்கிற கடைக்காரன் பேசுகிறேன் என்று தைரியமாகப் பேசு. இங்கிலீஷில் பேசு. இல்லை, படத்தைப் பார்த்ததில் உனக்கு நான்தான் தப்பு என்று தோன்றினால் அதையாவது சீக்கிரம் சொல்லு. அப்பா ஒரு முட்டாள் என்று நீ சொன்னால் ஊர் பூரா மிட்டாய் வாங்கித் தருவேன்.

மழை மறுபடி வலுக்கிறது. சோறு கட்டியாயிற்று, நான் கிளம்ப வேண்டும். இன்று அம்மாவைக் கொஞ்சம் கூடவே வடிக்கச் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். பசிக்கிறது என்றேன்.

கடவுள் உங்கள் ரெண்டு பேரையும் காப்பாற்றட்டும். அந்தக் கேன்டீன் பிள்ளைகளையும்.

அப்பா