சாந்தியின் வலப்பக்கம் சொன்ன ஊர்கள்

உன்னுடைய கேமராப் பை இப்போது என் வீட்டில், வாசலுக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. ஜிப்பைத் திறந்தால் லென்ஸ் வைக்கும் தடுப்புகளுக்குள்ளிருந்து குதிரை வாசனை வருகிறது. காய்ந்த புல், வியர்வை, பழைய தோல் வார், அவற்றோடு கொஞ்சம் கேரட். உன் மனைவி விமலா அதைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் தந்தாள்.

"போவ மாட்டேங்குதுண்ணா. உங்க வண்டியிலயே உக்காந்துக்கினு சுத்தன மனுசன். உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றாள்.

அவள் சொன்னது சரி. பத்திரிகையில் நான் எழுதினேன், நீ படம் எடுத்தாய். பைக்கை நான் ஓட்டினேன், நீ பின்னால் உட்கார்ந்தாய். வண்டி ஓட்டக் கற்றுக்கொள் என்று எத்தனையோ முறை சொன்னேன். "ஓட்டினா கை ஹேண்டில்ல மாட்டிக்கும்டா, அப்புறம் படத்த எவன் எடுப்பான்?" என்பாய். ஓய்வு பெற்ற பிறகு என் முழங்கால் கெட்டது, பைக்கை விற்றேன். இனி இவன் வீட்டோடுதான் என்று நினைத்தேன். நீயோ குதிரை லாயத்துக்குப் போக ஆரம்பித்தாய்.

லாயம் குடிபாலாவுக்கு அப்பால் இருந்தது. நம் இருவர் வீடும் திருப்பதியில். விடிந்ததும் சித்தூர் ஆர்டினரி பஸ். சித்தூரில் ஒரு டீ. பிறகு வேலூர் ரோட்டில் போகிற இன்னொரு பஸ். குடிபாலாவில் இறங்கி, காலி பால் கேன்களோடு ஒரு ஷேர் ஆட்டோ. ஆட்டோ விடுகிற இடத்திலிருந்து மாந்தோப்பு ஓரமாக நடை. நீ போய்ச் சேருவதற்குள் இங்கிருந்து கிளம்பிய இன்னொருவன் சென்னையில் வேலையை முடித்திருப்பான். வாரத்தில் இரண்டு நாள், திங்களும் வியாழனும், இப்படிப் போனாய். வாடகைக் கார் வைத்துக்கொள்ளக்கூடாதா என்று கேட்டேன். "டிரைவரோட பேசிக்கினே போவணுமேடா" என்றாய். குதிரையோடு பேச அவ்வளவு தூரம் போகிற ஆள் சொன்ன பதில் அது.

திரும்பி வரும் பஸ்ஸில் உன் மேல் அடிக்கிற வாசனைக்குப் பக்கத்திலிருப்பவர்கள் எழுந்து போவார்கள் என்று பெருமையாகச் சொல்வாய். "பஸ்ல சீட்டு கெடைக்கலன்னு எவனாச்சும் அழுதா, ஒரு குதிரய தேச்சிட்டு வரச்சொல்லு."

ஒரு மாம்பழக் காலத்தில் நானும் உன்னோடு வந்தேன். கல்யாண ஊர்வலத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் குதிரை அனுப்புகிற வீடு அது. கணவர் குதிரைகளோடு ஊர் ஊராகப் போய்விட, லாயத்தைப் பார்த்துக்கொள்பவர் சரோஜா. உன் குதிரை என்று நான் நினைத்திருந்தது உன்னுடையதே அல்ல என்று அன்றுதான் தெரிந்தது. அது அவர்களுடைய கிழட்டுப் பெட்டை. பெயர் சாந்தி. வலது கண் வெளுத்துப்போய், அந்தப் பக்கம் மேளம் அடித்தால் மிரண்டு உதைத்ததால் ஊர்வலத்துக்கு அனுப்புவதை நிறுத்தியிருந்தார்கள். நடக்காமல் நின்றபடியே இருந்தால் அதற்குக் கால் வீங்கிவிடும். சரோஜாவுக்குச் சம்பாதிக்கிற குதிரைகளைக் கவனிக்கவே நேரம் போதவில்லை. அதனால் நீ வந்து நடத்தினாய்.

பார்வையில்லாத பக்கம் நிற்கிறவர் பேசிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் அதற்கு ஆள் இருப்பது தெரியாது என்று சரோஜா உன்னிடம் சொல்லியிருந்தார். உனக்கோ மனிதர்களிடமே பேச்சு வராது. நீ என்ன பேசினாய் என்பதைக் கேட்டு நான் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சாந்தியின் வலப்பக்கம் நடந்தபடி, பஸ் கண்டக்டரின் குரலில், "திருப்பதி, சந்திரகிரி, பாகாலா கிராஸ், புத்தலப்பட்டு, காணிப்பாக்கம் கிராஸ், சித்தூர், குடிபாலா" என்று சொல்லிக்கொண்டு போனாய். தோப்பின் கோடி வரை அதே ஊர்கள், திரும்பத் திரும்ப. அங்கிருந்து லாயத்துக்குத் திரும்பும்போது பட்டியலும் திரும்பியது. குடிபாலாவில் தொடங்கித் திருப்பதியில் முடிந்தது.

"இன்னா சார், குதிரைக்கு டிக்கெட் கிழிச்சிட்டாரா உங்க பிரண்டு?" என்று சரோஜா என்னைக் கேட்டார்.

"அது பாஸ்ல போவுது" என்றாய் நீ, திரும்பிப் பார்க்காமல்.

இந்தக் குதிரைக்காக ஏன் இவ்வளவு தூரம் என்று அன்று நான் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பாய். சொன்னாலும் அது உண்மையாக இருந்திருக்குமா என்று இப்போது எனக்குச் சந்தேகம். நீ ஒரு திங்கட்கிழமை காலையில், லாயத்துக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில், தூக்கத்திலேயே போய்விட்டாய். துக்கத்துக்கு வந்தவர்களெல்லாம் போன பிறகு விமலா கேட்டாள்: "சுகருக்கு நடக்கணும்னு டாக்டர் சொன்னாராம், அதுக்குப் போறேன்னாரு. நடக்கறதுக்குத் திருப்பதியில ரோடே இல்லியாண்ணா?" எனக்கு நீ சொன்ன காரணம் வேறு. பஸ்ஸில் உட்கார்ந்தால் நல்ல தூக்கம் வருகிறது, அவ்வளவுதான் என்றிருந்தாய்.

ஒரு செய்தியை இரண்டு பேர் தனித்தனியாக ஒரே மாதிரி சொன்னால்தான் எழுதுவேன் என்பது உனக்குத் தெரியும். மூன்றாவது ஆளைத் தேடுவதற்குள் சரோஜாவே போனில் அழைத்தார்.

"சார், சாந்தி கொட்டாய விட்டு வெளிய வர மாட்டேங்குது. கால் வீங்கிக்கினே இருக்குது. நான் புடிச்சி இஸ்த்தா வாசல்லயே நின்னுக்குது. வேலூர்ல இருந்து ஒரு ஆளு கேக்கறாரு. ஞாயித்துக்கெழம வந்து ஓட்டிக்கினு போறேன்றாரு. அவருகிட்ட போனா அது என்னாவும்னு எனக்குத் தெரியும். நடக்கற குதிரைன்னா நான் வெச்சிக்குவேன் சார். நிக்கற குதிரைய வெச்சிக்கினு என்னா பண்றது?"

"நீங்களும் அந்த ஊர்ப் பேரெல்லாம் சொல்லிப் பார்த்தீங்களாம்மா?"

"சந்திரகிரின்னு ஆரம்பிச்சேன். நடுவுல எந்தெந்த ஊருன்னு தெரியல. நான் திருப்பதிக்கு ரயில்ல போற ஆளு சார்."

ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின வியாழக்கிழமை உன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நான் கிளம்பினேன். ஒரு குதிரையைக் காப்பாற்றப் போனேன் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. குதிரைக்கும் எனக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பஸ்ஸில் தூங்கிப் பார்த்தேன். புத்தலப்பட்டில் ஒரு குழி, அதில் விழித்துவிட்டேன். பிறகு தூக்கம் வரவில்லை. ஆக, நீ எனக்குச் சொன்ன காரணமும் சந்தேகத்துக்குரியது.

சரோஜா பையைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். "இதுல கேமரா இருக்குது, வெளிச்சம் நல்லா வந்தா சாந்திய படம் எடுக்கத்தான் வரேன்னு சொல்லிக்கினே இருந்தாரு" என்றார். பையைத் திறந்து காட்டினேன். அண்மையில் கேமரா இருந்ததற்கான தடயம் எதுவும் அதில் இல்லை, கேரட் வாசனையும் சித்தூரில் நான் வாங்கிப் போட்ட கேரட்டும்தான் இருந்தன. மூன்று பேர், மூன்று காரணங்கள். ஒன்றுகூட இன்னொன்றோடு ஒத்துப்போகவில்லை.

கயிற்றைப் பிடித்து வலப்பக்கம் போய் நின்றேன். எனக்குப் பயமாக இருந்தது. நான் நின்றுகொண்டிருந்த ஊரிலிருந்தே தொடங்கினேன், செய்திக்கு முதலில் ஊர் போடுகிற பழக்கத்தில். "குடிபாலா, சித்தூர், காணிப்பாக்கம் கிராஸ்..." சாந்தி காதைத் திருப்பியது. ஓரடி எடுத்து வாசலுக்கு வெளியே கால் வைத்தது. புத்தலப்பட்டு என்று சொல்வதற்குள் அப்படியே ஒரு சுற்றுச் சுற்றி, என்னையும் இழுத்துக்கொண்டு, கொட்டகைக்குள்ளேயே போய் நின்றுவிட்டது.

சரோஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அய்ய, ரிட்டர்ன் பஸ் புட்சிட்டியே சார்!"

மறுபடி திருப்பதியிலிருந்து தொடங்கினேன். அது வெளியே வந்தது. வீங்கிய காலை மெல்ல ஊன்றித் தோப்பின் கோடி வரை நடந்தது. அங்கே நான் பட்டியலைத் திருப்பினேன், அதுவும் திரும்பியது. ஊர்களின் வரிசை ஒரு குதிரைக்குப் புரியும் என்று நான் எழுதமாட்டேன். முதல் தடவை அது வெயிலைப் பார்த்துத் திரும்பியிருக்கலாம். இரண்டாம் தடவை பையிலிருந்த கேரட்டுக்காக வந்திருக்கலாம். பார்த்ததை மட்டும் உனக்குச் சொல்கிறேன்.

நான் கை கழுவிக்கொண்டிருந்தபோது சரோஜா போனில் பேசுவது கேட்டது. "இல்லண்ணா, இப்ப குடுக்கறதில்ல. நடத்தறதுக்கு ஆளு வந்துட்டாங்க."

இனியும் வருவேன் என்று நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. மறுக்கவும் இல்லை. ஏன் மறுக்கவில்லை என்று சித்தூர் வரும் வரை யோசித்தேன். சித்தூரில் ஏறிய பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் மூக்கைச் சுளித்தார். நகர்ந்து உட்கார இடம் தேடிக்கொண்டே, "எங்க போயிட்டு வரீங்க சார்?" என்று கேட்டார்.

சர்க்கரைக்கு நடை என்று சொல்லியிருக்கலாம். படம் எடுக்கப் போனேன், பஸ்ஸில் தூங்கப் போனேன் என்றும் சொல்லியிருக்கலாம். நீ விட்டுப்போன காரணங்கள் எல்லாமே கைவசம் இருந்தன. "சொந்தக்காரங்க வூட்டுக்கு" என்றேன்.

அந்தம்மாள் எழுந்து பின் சீட்டுக்குப் போய்விட்டார். சந்திரகிரி வரை உன் இடம் காலியாகவே வந்தது.

தவறான தகவல் அச்சில் வந்தால் மறுநாளே திருத்தம் போட்டாக வேண்டும் என்று ஆசிரியரோடு சண்டை பிடித்தவன் நான். நீ பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறாய். அந்த அம்மாளிடம் சொன்னதற்கு இன்னும் திருத்தம் போடவில்லை. நாளை வியாழக்கிழமை. கேரட் வாங்கி வைத்திருக்கிறேன். லென்ஸ் தடுப்பு ஒன்றில் இரண்டுதான் கொள்கிறது, மிச்சம் வெளியே கிடக்கிறது. நீ எப்படி அடுக்கினாய் என்று தெரியவில்லை.