காவல்காரன் பேசும் பன்னூப் பேச்சு

மார்ச் 6, வியாழன்

இன்று இரவும் ரேடியோ நாடகத்தில் முட்டாள் காவல்காரன் எங்கள் ஊரான பன்னூவின் பேச்சுதான் பேசினான். கதாநாயகன், நீதிபதி, கதாநாயகியின் அத்தை எல்லோருக்கும் இந்தப் பட்டணத்து யூசுப்சாய்ப் பேச்சு; மொழி ஒன்றுதான், உச்சரிப்பு வேறு. நடுவில் ஒரு கழுதை கத்தியது. அதுவும் யூசுப்சாய்க் கழுதையாகத்தான் இருக்கும்.

அவர்கள் அம்மாவை ‘மோர்’ என்பார்கள். நாங்கள் ‘மேர்’ என்போம். காவல்காரன் ‘மேர்’ என்று அழுததும் என் தேநீர்க் கடையே குலுங்கிச் சிரித்தது. என் அம்மாவை நான் கூப்பிட்டதே அப்படித்தான். சிரிக்க என்ன இருக்கிறது?

குதிரை டாங்கா ஓட்டுகிற தாஜ்மலுக், காவல்காரன் மாதிரியே குரலை இழுத்தான்: “சாச்சா, உங்க மேர் மேல ஆணையா, இன்னொரு டீ குடுங்க!”

கொடுத்தேன். ஏலக்காய் போடவில்லை.

மார்ச் 7

ரேடியோவைத் துணியில் கட்டிப் பரணில் போட்டுவிட்டேன். இது தேநீர்க் கடை. தேநீர் போதும்.

மார்ச் 13, வியாழன்

கடையில் ஈ. எதிர்க்கடையில் திருவிழாக் கூட்டம். அவனிடம் புது ரேடியோ.

வீட்டில் என் மனைவி ஸ்பின்கை கேட்டாள்: “ரேடியோவ எறக்கினா என்னவாம்?”

“எறக்க மாட்டேன்.”

“அப்ப அந்த டீயெல்லாம் நீங்களே குடிங்க.”

நானே குடித்தேன். தூக்கம் வரவில்லை.

மார்ச் 15

ரேடியோ நிலையத்துக்கே போய்விட்டேன். நாடகம் போடுகிற பக்தியார் சாகிப் சின்ன வயதுக்காரர், பெரிய கண்ணாடி.

“சாச்சா, சும்மா சிரிக்கத்தானே?”

“எங்க பேச்சுல கோபம் வரும், அழுகை வரும். எப்பவாச்சும் கேட்டிருக்கீங்களா?”

“படிக்கத் தெரியுமா உங்களுக்கு?”

“சர்க்கரை கட்டி வந்த பேப்பர்லயே படிச்சவன் நான்.”

ஒரு தாளை நீட்டினார். அவர்கள் பேச்சில் எழுதியிருந்தது. நான் எங்கள் பேச்சில் படித்தேன். கோபமான இடம். ஏற்கெனவே கோபத்தில் இருந்ததால் கஷ்டமில்லை. பக்கத்தில் வாசித்துக்கொண்டிருந்த தபலாக்காரர் கையை நிறுத்திவிட்டார்.

“அந்தக் காவல்காரன் வேஷம் நீங்களே பண்ணுங்களேன்! அசல் பேச்சாயிருக்கும்” என்றார் சாகிப்.

“ஊருக்குப் பெரிய மனுஷன், அந்தக் கான் வேஷம் குடுங்க, பண்றேன்.”

“கான் எப்படி பன்னூப் பேச்சு பேசுவார்?”

“ஏன், பன்னூவுல கானே கெடையாதா?”

எழுந்து வந்துவிட்டேன். படியில் இறங்கும்போது அந்தக் கோபமான வசனத்தை இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தேன். அதை இங்கே மட்டும்தான் எழுதுகிறேன்.

மார்ச் 24

நிலையத்திலிருந்து ஆள் வந்தான். புது நாடகத்தில் எனக்கு ஒரு வேஷமாம். கான் இல்லை. கொலைகாரன்.

ஸ்பின்கை நெஞ்சில் கை வைத்தாள். “கொலைகாரனா! முட்டாளே தேவலையே!”

“புத்திசாலிக் கொலைகாரன்டி. மூணு வாரம் எந்தப் போலீசாலயும் பிடிக்க முடியாது.”

அவள் யோசித்தாள். “மூணு வாரமா? அப்ப சரி.”

மார்ச் 29

ஒத்திகை. கத்தியை எடுக்குமுன் நான் சொல்ல வேண்டியது: ‘உன் அம்மாவ ஒரு தடவ நெனச்சுக்க.’ சாகிப், “இங்க மட்டும் ‘மோர்’னு சொல்லுங்க சாச்சா. கேக்கறவங்களுக்குப் புரியணும்” என்றார்.

“முப்பது வருஷமா உங்க பேச்சு எனக்குப் புரியுதே. ஒரு வார்த்தை அவங்களுக்குப் புரியாதா?”

‘மேர்’ என்றுதான் சொன்னேன். அப்படியே சொல்வேன்.

ஏப்ரல் 10, வியாழன்

ரேடியோவை இறக்கித் துடைத்து வைத்தேன். எதிர்க்கடைக் கூட்டம் முழுக்க இங்கே. கடைக்காரனும் இங்கேதான்.

என் குரல் வந்தது. “உன் மேர ஒரு தடவ நெனச்சுக்க.”

யாரும் சிரிக்கவில்லை. தாஜ்மலுக்கின் கோப்பை வாய்க்குப் போகிற வழியிலேயே நின்றது. பிறகு நான் தேநீர் கொண்டு போனபோது எழுந்தே நின்றுவிட்டான். “நீங்க உக்காருங்க சாச்சா, நானே எடுத்துக்கறேன்.”

மே 1, வியாழன்

என்னைத் தூக்கில் போட்டார்கள். கடையில் இரண்டு பேர் அழுதார்கள். நல்ல நாள்.

மே 4

காலையில் கடை வாசலில் தாஜ்மலுக்கின் குதிரை சண்டி பண்ணிக்கொண்டு நின்றது. அதட்டினான், கெஞ்சினான், நகரவில்லை. நான் உள்ளே இருப்பது அவனுக்குத் தெரியாது. குனிந்து அதன் காதருகே என் குரலில் சொன்னான்: “உன் மேர ஒரு தடவ நெனச்சுக்க.”

யூசுப்சாய்க் குதிரை. உடனே நகர்ந்தது.

‘மேர்’ சரியாக வரவில்லை அவனுக்கு. இன்னும் கொஞ்சம் நீட்ட வேண்டும். சொல்லவில்லை.

மாலையில் வந்தான். அவன் கோப்பையில் இரண்டு ஏலக்காய் தட்டிப் போட்டேன்.