அபேக்கே அத்தை கொடுத்தனுப்பிய புட்டி

இபாதான், நைஜீரியா

அன்பு மகள் அரினோலாவுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், மழைதான் விட்டபாடில்லை. லீட்ஸ் குளிரில் நீயும் பச்சைக் குழந்தையும் நன்றாக இருக்க வேண்டும் என்று ஆண்டவரை நச்சரித்துக்கொண்டே இருக்கிறேன். வயிற்றுத் தையலில் இன்னும் சீழ் வருகிறது என்றாயே, அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மாத்திரை குமட்டுகிறது, இருக்கிறது தீர்ந்ததும் மறுபடி வாங்காமல் அத்தையின் கஷாயத்தைக் குடிக்கப் போவதாகச் சொன்னாய். வேண்டாம் என்றேன், அம்மாவுக்கு அத்தையைக் கண்டாலே ஆகாது என்று சிரித்தாய், அதற்குள் லைன் அறுந்துவிட்டது. இன்றுவரை டெலிபோன் கடையில் லைன் கிடைக்கவில்லை. அதனால்தான் நாளை அங்கே வர விமானம் ஏறுகிற நம் சர்ச் பாஸ்டரம்மாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன், முழுதாகப் படி.

அத்தை கொடுத்த புட்டியை அப்பா உனக்கு அனுப்பியது தெரிந்ததும், அவர் விற்கும் அதே கஷாயத்தை நான் வேலை பார்க்கும் லேபுக்குக் கொண்டுபோனேன். சந்தையில் அதே வேப்பிலையும் மாம்பட்டையும் வாங்கி நானும் காய்ச்சினேன். கிருமி பரப்பிய தட்டில் என் கஷாயம், அத்தையுடையது, ஆஸ்பத்திரி மருந்து மூன்றையும் காகிதத் துண்டுகளில் நனைத்து வைத்தேன். என்னுடையதைச் சுற்றிக் கிருமி செத்த வளையம் மெல்லிசாக விழுந்தது. இலையை நான் குறை சொல்லவில்லை, அதனால் முடிந்தது அவ்வளவு. அத்தையுடையது ஆஸ்பத்திரி மருந்தையே மிஞ்சி அகலமாக விழுந்தது. லேபில் எல்லாரும் கைதட்டினார்கள். நானும் வெட்கமில்லாமல் பெரியவர்களுக்கு மரியாதையாக வைக்கும் கோலாக் கொட்டை வாங்கிக்கொண்டு போய் அத்தை முன் மண்டியிட்டு வணங்கினேன்.

அவர் சிரித்துக்கொண்டே ஒரு தகர டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே வெயிலில் வியர்த்து ஒன்றோடொன்று ஒட்டிப்போன ஆம்பிசிலின் கேப்ஸ்யூல்கள். "வெறும் இலைத் தண்ணிய விட்டா எவடி மறுபடி வாங்க வருவா? இத ஒடச்சுப் போட்டாத்தான் மருந்து பேசும்" என்றார். சீ, ஈ மொய்க்கும் அண்டாவில், மூக்கைத் துடைத்த அதே கையால், அளவும் இல்லாமல் அள்ளிப் போடுகிறார். அதைக் கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் வாங்கிக் குடிக்கிறார்கள், அரைகுறையாய் அடிபட்ட கிருமி இன்னும் திமிரோடு எழுந்து வரும். வீட்டுக்கு வந்து சொன்னால் உன் அப்பா, ஊரில் எல்லாரும் செய்வதுதானே, என் அக்காவிடம் வாயாடாதே என்கிறார். கஷாயத்தைவிட அந்தப் பேச்சுதான் எனக்கு அதிகம் குமட்டுகிறது.

அரினோலா, அந்த ஆம்பிசிலின் பென்சிலின் ஜாதி மருந்து. சின்ன வயதில் அதில் ஒரு ஊசி போட்டதற்கே உன் உதடும் தொண்டையும் வீங்கி மூச்சு நின்றுபோகப் பார்த்தது. அங்கே டாக்டர் அதைக் கேட்டு எழுதிக்கொண்டுதானே உனக்கு வேறு மாத்திரை கொடுத்தார். அது குமட்டினால் அவரிடமே போய்ச் சொல், நீயாக நிறுத்தாதே. புட்டியைக் கழிவறையில் கொட்டிவிடு, நாக்கில்கூட வைக்காதே. ஆண்டவர் உன்னையும் பிள்ளையையும் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும்.

இதையும் கேட்டுக்கொள். உன் புட்டியிலும் போட்டீர்களா என்று அத்தையிடம் கேட்டேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "அவ நம்ம பிள்ளையாச்சே, அவளுக்குன்னு ரெண்டு மடங்கு போட்டேன்" என்றார்.

உன் அம்மா,
மோரெனிக்கே